‘ரெய்ன் ஆஃப் ஃபயர்’: டிராகனின் வயிற்றுக் கணக்கு

2002ல் வந்த ‘ரெய்ன் ஆஃப் ஃபயர்’ படத்து டிராகன் பேசாது, புதையலுக்குக் காவல் இருக்காது, மந்திரத்துக்குக் கட்டுப்படாது. அதற்குப் பசிக்கும். அந்தி வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியாது. வாயில் இரண்டு சுரப்பிகள் உண்டு. குஞ்சு பொரிக்க ஆண் துணை வேண்டும். இந்த நாலு விஷயங்களைப் பிடித்துக்கொண்டுதான் கதையே நகர்கிறது. கற்பனை மிருகத்துக்கு இவ்வளவு தெளிவாக உடற்கூறு எழுதிவிட்டால், அதே விதிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் உரிமை பார்ப்பவனுக்கு வந்துவிடுகிறது. போட்டுப் பார்த்தால் சில இடங்களில் படம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நிற்கிறது. சில இடங்களில் பொத்தென்று விழுகிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போவதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதை சுருக்கமாக: லண்டனில் சுரங்க ரயில் பணிக்காகத் தோண்டும்போது, பல யுகங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த டிராகன் விழிக்கிறது. அங்கே வேலை பார்க்கும் அம்மாவைப் பார்க்க வந்த சிறுவன் க்வின் அதை முதலில் பார்க்கிறான். சில வருடங்களில் உலகம் எரிந்துபோகிறது. 2010ல் மனிதர்கள் வீசிய அணுகுண்டுகள் அழிவை இன்னும் வேகப்படுத்துகின்றன. 2020ல், இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பாழடைந்த கோட்டையில் க்வின் தலைமையில் சிலர் ஒளிந்து வாழ்கிறார்கள். டிராகன்கள் தின்ன எதுவும் கிடைக்காமல் பட்டினியில் சாகட்டும், அதுவரை தாக்குப்பிடிப்போம் என்பது அவனுடைய திட்டம். தேடிப்போய்க் கொல்லலாம் என்று அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து டாங்கி, ஹெலிகாப்டர் சகிதம் வந்து இறங்குகிறான் வான் ஸான். க்வின்னாக கிறிஸ்டியன் பேல், வான் ஸானாக மேத்யூ மெக்கானஹே, க்வின்னின் நண்பன் க்ரீடியாக ஜெரார்ட் பட்லர், விமானி அலெக்ஸாக இசபெல்லா ஸ்கோருப்கோ. இயக்கம் ராப் போமன்.

முதலில் தீ. படத்தின் விளக்கப்படி, டிராகன் வாயில் உள்ள இரண்டு சுரப்பிகளிலிருந்து இரண்டு திரவங்கள் பீய்ச்சி, வெளியே கலந்ததும் பற்றிக்கொள்கின்றன, இயற்கையான நாப்பாம் (போர்களில் பயன்பட்ட, ஒட்டிக்கொண்டு எரியும் எரிபொருள் கூழ்). இது அடித்துவிட்ட கதை இல்லை. பாம்பார்டியர் வண்டு என்று ஒரு பூச்சி உண்டு. ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வயிற்றில் ஒரு பையில் வைத்திருக்கும்; நொதிகள் இருக்கும் இன்னொரு அறைக்கு அவற்றைத் திறந்துவிடும்போது கலவை கொதித்து, ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 500 துடிப்புகளாகப் பீறிடும். தீ வராது, வெந்நீர்த் துப்பாக்கிதான். ஆனால் ‘ஆபத்தானதைப் பிரித்து வை, வெளியேற்றும்போது மட்டும் சேர்’ என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

தீப்பொறியே இல்லாமல் பற்றுவதும் நடக்கக்கூடியதுதான். தொட்டாலே எரியும் ஜோடித் திரவங்களை ராக்கெட்டுகளில் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம். இரண்டாவது திரவமே எரிவதற்கான முழு ஆக்சிஜனையும் தரவேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஒரு கிலோ மண்ணெண்ணெயை எரிக்க ஏழு கிலோ ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். ஆகவே டிராகனின் ஒரு சுரப்பி பெரியதாக, பிசுபிசுப்பான எரிபொருளோடு இருக்கவேண்டும்; மற்றது சின்னதாக, பற்றவைக்கும் திரவத்தை மட்டும் கொடுத்தால் போதும். மண்ணெண்ணெய் ராக்கெட்டுகளில் ட்ரைஎத்தில்போரேன் கலந்த திரவத்தைக் கொஞ்சமாக விட்டுப் பற்றவைப்பது இதே முறைதான். மீதி ஆக்சிஜனைக் காற்று தரும்.

எவ்வளவு வேண்டும்? இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் முதுகில் சுமந்த தீவீச்சுக் கருவிகளில் 15 முதல் 18 லிட்டர் எரிபொருள் இருக்கும். விடாமல் அழுத்தினால் பத்து நொடிக்குள் காலி. அதாவது நொடிக்கு இரண்டு லிட்டர், 20 முதல் 40 மீட்டர் தூரம். படத்து டிராகன் ஒரே மூச்சில் கோட்டை முற்றத்தையே நிரப்புகிறது. கஞ்சத்தனமாகப் பத்து மடங்கு மட்டும் வைத்தாலும் நொடிக்கு 20 லிட்டர். பத்து நொடி ஊதினால் 200 லிட்டர், எடையில் சுமார் 160 கிலோ. பெட்ரோல் போன்ற ஒன்று கிலோவுக்கு 40 மெகாஜூல் தரும் என்று கொண்டால், அந்தப் பத்து நொடியில் போனது 6,400 மெகாஜூல், அதாவது பதினைந்து லட்சம் கிலோகலோரி. ஒரு ஆள் நாளுக்கு 2,200 கிலோகலோரி சாப்பிட்டால், அவனுக்கு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும் சாப்பாடு.

இந்த எண்ணை மறக்காதீர்கள். மூச்சுக்கு மூச்சு ஊதித் தள்ளும் டிராகன் கணக்குக்கு ஒத்துவராது. ஒரு தாக்குதலில் ஒன்றிரண்டு முறை ஊதிவிட்டு, சுரப்பி நிறைய நாள் கணக்கில் காத்திருக்கவேண்டும். படத்தில் யாரும் ‘இது காலியாகிவிட்டது, இப்போது ஓடு’ என்று சொல்வதில்லை. சொல்லியிருந்தால் க்வின்னின் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு இருந்திருக்காது. தூண்டிலுக்கு ஒரு வைக்கோல் பொம்மையை நிறுத்தி முதல் மூச்சை வீணடிக்க வைத்துவிட்டு, பிறகு வெளியே வரலாம்.

அடுத்தது சாப்பாடு. டிராகன்கள் சாம்பலைத் தின்று வாழ்கின்றன என்கிறது படம். வேதியியல் தெரிந்தவருக்கு இங்கே எரிச்சல் வரும், ஏனென்றால் சாம்பல் என்பதே எரிந்து முடிந்தது. அதில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் இருக்கும். எடுக்கச் சக்தி ஒன்றும் மிச்சமிருக்காது. ‘கரி’ என்று வைத்திருந்தால் கதை பிழைத்திருக்கும். கரியில் கிலோவுக்குச் சுமார் 30 மெகாஜூல் இருக்கிறது. ஒரு தாக்குதலுக்கான எரிபொருளைத் திரும்பச் செய்ய, துளியும் வீணாகாமல் செரித்தாலும், இருநூறு கிலோவுக்கு மேல் கரி வேண்டும். கரியைச் செரிக்கும் விலங்கு எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். டிராகனுக்கு அவ்வளவு சலுகை கொடுக்கலாம்.

ஆனால் சாம்பல் என்ற தேர்விலும் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது. காய்ந்த மரத்தை முழுசாக எரித்தால் அதன் எடையில் அரை முதல் ஒரு சதவீதம்தான் சாம்பலாகும். ஒரு டன் மரத்துக்கு ஐந்து முதல் பத்து கிலோ. ஐம்பது கிலோ சாம்பல் வேண்டுமானால் ஐந்து டன்னிலிருந்து பத்து டன் வரை மரம் எரியவேண்டும். இப்படிப்பட்ட வயிறு உள்ள மிருகம் பெருகினால் உலகத்தையே எரிக்காமல் வேறு வழி கிடையாது. க்வின் நம்புவதுபோல் எரிக்க எதுவும் மிஞ்சாதபோது அவை பட்டினி கிடப்பதும் அதே கணக்கிலிருந்து வருகிறது. வைக்கோல், புல் வகைகளில் சாம்பல் விகிதம் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். அப்படியானால் காட்டைவிட விளைந்த வயல்தான் டிராகனுக்கு நல்ல மேய்ச்சல். படம் இதைச் சொல்லவில்லை, ஆனாலும் முதல் பெரிய தாக்குதலை வயலில் வைத்திருக்கிறது.

எரிப்பதற்கு ஒரு எதிரியும் உண்டு: ஈரம். காய்ந்த சருகு, புல் போன்றவற்றில் ஈரப்பதம் 25 முதல் 30 சதவீதத்தைத் தாண்டினால் தீ தானாகப் பரவுவது நின்றுவிடும். எரிபொருளை ஊற்றிய இடம் எரியும், பக்கத்தில் பரவாது. மழையும் மூடுபனியும் ஓயாத வட இங்கிலாந்தின் குளிர்காலம் டிராகனுக்குப் பஞ்ச காலம். ஒளிய இடம் தேடினால் இப்படி நனைந்த பிரதேசத்தைத்தான் தேட வேண்டும். க்வின் வேண்டுமென்றே தேர்ந்தானா, திரைக்கதைக்கு ஒரு கோட்டை தேவைப்பட்டதா தெரியாது. இடம் சரியாக அமைந்துவிட்டது.

பறப்பது இன்னொரு சங்கடம். இதுவரை பறந்த உயிர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, 1971ல் டெக்சாஸில் எலும்பு கிடைத்த குவெட்சால்கோட்லஸ். இறக்கை விரிப்பு 10 முதல் 11 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ என்று மதிப்பிடுகிறார்கள். அதை அப்படியே மூன்று மடங்கு பெரிதாக்கினால் விரிப்பு முப்பது மீட்டரைத் தாண்டும். எடை 27 மடங்காகி ஆறே முக்கால் டன்னாகும். இறக்கைப் பரப்பு ஒன்பது மடங்குதான் கூடும். பழைய பரப்பு பத்து சதுர மீட்டர் என்று கொண்டால், இப்போது சதுர மீட்டருக்கு 75 கிலோ சுமை. இந்தச் சுமையில் விழாமல் பறக்கவே மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆகவே கோட்டைக்கு மேலே ஒரே இடத்தில் நின்றபடி இறக்கையடித்து ஊதும் காட்சிகள் கணக்கில் நிற்காது. பாய்ந்து வந்து, ஊதிக்கொண்டே கடந்து, தூரப்போய்த் திரும்பவேண்டும். போர் விமானத் தாக்குதல் மாதிரி. அந்தத் திரும்பும் நேரம்தான் உள்ளே ஓடுகிறவனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

உருவத்தில் படம் சரியான வழியில் போகிறது. இரண்டு கால், இரண்டு இறக்கை, அவ்வளவுதான்; நாலு காலோடு முதுகில் தனியாக ஒரு ஜோடி இறக்கை கிடையாது. முதுகெலும்புள்ள பறப்பன எல்லாவற்றிலும் முன்னங்கால்தான் இறக்கையானது என்பதால் இதுவே நம்பும்படி இருக்கிறது. டிஸ்னியின் கணினி வரைகலைப் பிரிவான சீக்ரெட் லேப் செய்த இந்த வேலை இன்றைக்கும் பழசாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, டிராகனை அதிகம் காட்டாமல் புகைக்குள்ளும் இருட்டிலும் வைத்தது. போஸ்டரில் லண்டனுக்கு மேலே ஹெலிகாப்டர் கூட்டமும் டிராகன் கூட்டமும் மோதுவதைப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்கள் கடுப்பானதில் நியாயம் உண்டு, அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. ஆறு கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்கச் சுமார் எட்டு கோடி டாலர்தான் வசூல்.

கோட்டை எதைத் தாங்கும்

கல் எரியாது என்பது பாதி உண்மை. நார்தம்பர்லாந்துக் கோட்டைகள் பெரும்பாலும் மணற்கல். மணற்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறித் திடீரென்று விரியும். மேற்பரப்பு மட்டும் அந்தச் சூட்டைத் தொட்டு, உள்ளே குளிர்ந்திருந்தால், கல் செதில் செதிலாகத் தெறிக்கும். சூடான சுவரில் அவசரப்பட்டுத் தண்ணீர் அடித்தால் இன்னும் மோசம். சுண்ணாம்புக்கல் வேறு மாதிரி. 800, 900 டிகிரியில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். ஒரு பத்து நொடித் தீயில் இதெல்லாம் ஆழமாக நடக்காது. அடிமேல் அடி வாங்கும் சுவரில் நடக்கும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் பிறகு சுவரை ஆறவிட்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தல் சத்தம் வரும் இடத்தை உதிர்த்துவிட்டுக் களிமண் பூசவேண்டும்.

உண்மையில் ஆளைக் கொல்வது சுவர் இல்லை, சுவரில் உள்ள ஓட்டை. தீ படாத தூரத்திலேயே அதன் வெப்பக் கதிர் வேலையைக் காட்டிவிடும். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோவாட் வந்தாலே தோல் தாங்காது. பன்னிரண்டரை வந்தால், அருகே ஒரு பொறி இருந்தால் போதும், மரம் பற்றிக்கொள்ளும். ஜன்னல், மரக் கதவு, கூரை உத்திரம் இவைதான் பலவீனம். கதவுக்கு வெளியே தகடு அடித்து, இடையில் காற்று இடைவெளி விட்டு, உள்ளே நனைத்த சாக்கு தொங்கவிடுவது பலன் தரும். நுழைவாயிலை நேராக வைக்காமல் இரண்டு திருப்பமாக வளைத்தால் கதிர் உள்ளே வராது, கதிர் நேர்கோட்டில்தான் போகும்.

தண்ணீரைப் பற்றி மிகைக் கற்பனை வேண்டாம். ஒரு கிலோ தண்ணீர் முழுக்க ஆவியானால் 2.6 மெகாஜூல் உறிஞ்சும். நம் டிராகனின் தீ நொடிக்கு 640 மெகாஜூல். எதிர்த்து அணைக்க நொடிக்கு 250 லிட்டர் ஊற்றவேண்டும்; கோட்டையில் வைத்திருக்கக்கூடிய பம்பால் ஆகாது. தண்ணீர் டிராகன் போன பிறகு, எஞ்சி எரிவதை அணைக்கத்தான். ஒட்டிக்கொண்டு எரியும் எண்ணெய்க்கு நுரை இன்னும் நல்லது. தீயணைப்பு உடையும் அப்படித்தான். இப்போதைய அமெரிக்கத் தர விதிப்படி, சதுர மீட்டருக்கு 84 கிலோவாட் வெப்பத்தில் அந்த உடை குறைந்தது பதினேழரை நொடி தாங்கினால் தேர்ச்சி. அதற்குமேல் உள்ளே கொப்புளம். ஒரு மூச்சுக்கு அது காணும். இரண்டாவதுக்குக் காணாது.

பதுங்கறைதான் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் அவசரமாகக் கடந்துபோகும் இடம். ஆண் டிராகன் கோட்டையை எரிக்கும்போது க்வின் எல்லோரையும் கீழே அனுப்புகிறான். இன்னும் சிலரைக் கூட்டிவரத் திரும்பும் க்ரீடி செத்துப்போகிறான். உள்ளே போனவர்கள் இடிபாட்டில் மாட்டிக்கொள்ள, வான் ஸான் வந்துதான் மீட்கிறான். ஒரே வாசல் வைத்த பதுங்கறை என்பதிலேயே தப்பு இருக்கிறது. எதிரெதிர்த் திசையில் இரண்டு வழி, ஒன்று கோட்டைச் சுவருக்கு வெளியே திறக்கவேண்டும். உள்ளே கடப்பாரை, ஜாக்கி, தாங்குகட்டைகள் இருக்கவேண்டும், ஏனென்றால் இடிபாடு எப்போதும் வெளிப்பக்கம்தான் விழும், தோண்டவேண்டியவர்கள் உள்ளே இருப்பார்கள்.

காற்றுக் கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். ஐம்பது பேர் என்றால் மணிக்கு ஒரு கன மீட்டர். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை இறுக மூடினால் ஒன்பது மணி நேரத்தில் மூன்று சதவீதம் வரும். தலைவலியும் மூச்சுவாங்கலும் அங்கே உறுதி. அழுது ஓடியாடினால் நேரம் பாதியாகும். ஆகவே ஒரு இரவை மூடிய அறையில் கடத்தலாம். மூடாமல் விட்டால்தான் ஆபத்து. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, தீயே தொடாத நிலவறைகளில் ஏராளமானோர் கார்பன் மோனாக்சைடால் செத்தார்கள். காற்றில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களே போதும். வாசனை கிடையாது, இருமல் வராது. மேலே எரியத் தொடங்கியதும் காற்றுக் குழாயை அடைத்து, கதவு இடுக்கில் ஈரத்துணி திணித்து, மெழுகுவத்தியையும் அணைத்துவிடவேண்டும். ஜெனரேட்டரைப் பதுங்கறைக்குள் வைப்பவர் டிராகனுக்கு வேலை மிச்சம் பண்ணுகிறார்.

தக்காளிக்காக உயிரை விடுவது

க்வின் பயிர் முழுசாக விளையட்டும் என்கிறான். பசி பொறுக்காத எடி என்ற கோட்டைவாசி சிலரைச் சேர்த்துக்கொண்டு திருட்டுத்தனமாகத் தக்காளி பறிக்கப்போய் டிராகனிடம் மாட்டுகிறான். மனித இயல்புக்கு இது ரொம்பப் பொருத்தம். விவசாயத்துக்குத்தான் பொருந்தவில்லை. நார்தம்பர்லாந்து 55 டிகிரி வடக்கு. அங்கே கண்ணாடிக் கூண்டு இல்லாமல் திறந்த வெளியில் தக்காளி பழுப்பது சந்தேகம். பழுத்தாலும் கிலோவுக்கு 180 கிலோகலோரிதான். ஒரு ஆள் தக்காளியை மட்டும் நம்பினால் நாளுக்குப் பன்னிரண்டு கிலோ தின்னவேண்டும்.

அந்த மண்ணுக்கும் குளிருக்கும் உருளைக்கிழங்குதான். உரம், மருந்து இல்லாத நிலையில் ஹெக்டேருக்கு 15 டன் என்று எடுத்துக்கொள்வோம். இரண்டரை டன்னை அடுத்த வருட விதைக்கிழங்குக்கு ஒதுக்கவேண்டும். மீதியில் அழுகல், முளைப்பு, எலி என்று ஐந்தில் ஒரு பங்கு போகும். நிற்பது பத்து டன். கிலோவுக்கு 770 கிலோகலோரி. ஒரு ஹெக்டேர் வருடத்துக்கு ஒன்பது, பத்து பேரைக் காப்பாற்றும். நூறு பேருக்குப் பத்து ஹெக்டேர். மண் நோய்க்குப் பயந்து நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் அதே நிலத்தில் கிழங்கு போடலாம் என்பதால், கையில் நாற்பது ஹெக்டேர் இருக்கவேண்டும். ஒரே இடத்தில் வேண்டாம். சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறியிருந்தால் ஒரு மூச்சில் எல்லாம் போகாது. கிழங்கின் பெரிய நன்மை, மேலே செடி எரிந்தாலும் மண்ணுக்கடியில் விளைந்தது தப்பிக்கும். செடி கருகிய பிறகு தோல் முற்ற இரண்டு மூன்று வாரம் விட்டுத் தோண்டினால் நன்றாகச் சேமிக்கலாம். விவசாயிகள் அறுவடைக்கு முன் இலையை வேண்டுமென்றே அழிப்பது அதற்காகத்தான். டிராகன் அந்த வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கும்.

பயப்படவேண்டியது இலைக்கருகல் நோய்க்கு. ஒரே ரகத்தைப் போட்டால் ஈரமான ஒரு கோடையில் மொத்தமும் கறுத்துப்போகும். 1845ல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்தது அதுதான். படம் எடுக்கப்பட்டதும் அதே அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில்.

வேட்டை

டிராகனுக்குப் பகலிலும் நன்றாகத் தெரியும், இருட்டிலும் தெரியும், இரண்டுக்கும் நடுவே மங்கும் நேரத்தில் குறி தவறும் என்கிறான் வான் ஸான். முதுகெலும்புள்ள விலங்குகளின் கண்ணில் பகலுக்கு ஒரு வகை செல், இருளுக்கு வேறு வகை. மாறும் நேரத்தில் இரண்டும் அரைகுறையாக வேலை செய்யும். நமக்கே அந்தியில் வண்டி ஓட்டுவது சிரமம். நார்தம்பர்லாந்தின் அட்சரேகையில் சூரியன் மறைந்து நன்றாக இருட்ட 35 முதல் 50 நிமிடம் ஆகும். பூமத்திய ரேகை அருகே அதில் பாதிதான். வடக்கே போகப் போக வேட்டை நேரம் நீளும். காலையிலும் ஒரு சுற்று கிடைக்கும், படம் அதைப் பயன்படுத்தவே இல்லை.

தரையில் மூன்று இடத்தில் கருவி ஊன்றி டிராகன் இருக்குமிடத்தைக் கணிப்பது சரியான யோசனை. செயற்கைக்கோள் வழிகாட்டியை நம்பமுடியாது. தரைக் கட்டுப்பாட்டு நிலையங்கள் தகவலைப் புதுப்பிக்காவிட்டால் பிழை பெருகிக்கொண்டே போகும். மூன்று கருவிகளையும் ஒரே வரிசையில் ஊன்றிவிடக்கூடாது. பரந்த முக்கோணமாக இருந்தால்தான் இடம் துல்லியமாக விழும்.

ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, டிராகனைத் தம் பின்னால் இழுத்து, அதன் மேல் வலை வீசுபவர்கள்தான் படத்தின் உச்சம். கைகால் விரித்து விழுகிறவர் முதல் பத்து நொடியில் 300 மீட்டர் இறங்குவார், பிறகு நொடிக்கு 55 மீட்டர். மூவாயிரம் மீட்டரில் குதித்து எண்ணூறில் பாராசூட் விரித்தால் கையில் இருப்பது முக்கால் நிமிடம். வலைதான் இடிக்கிறது. பதினைந்து மீட்டர் சதுரம், ஒரு மீட்டர் கண்ணி என்றால் 480 மீட்டர் கயிறு. மூன்று டன் தாங்கும் 12 மில்லிமீட்டர் நைலான் என்றால் நாற்பது கிலோவைத் தாண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் பதினொரு கிலோ. டிராகனை நிறுத்திப்பிடிக்க முயலாமல் இறக்கையைச் சிக்கவைத்தால் போதும் என்பதால் மெல்லியது காணும். ஆனால் நைலான் 220, 260 டிகிரியிலேயே உருகும், எதிரி தீ ஊதுகிறவன். உருகாத அராமிட் என்ற செயற்கை இழைக் கயிறோ மெல்லிய எஃகுக் கம்பியோதான் இங்கே செல்லும்.

எரிபொருளைப் பற்றிப் படம் மூச்சுவிடவில்லை. கனமான டாங்கி சாலையிலேயே கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். சின்ன ஹெலிகாப்டர் மணிக்கு 200 லிட்டர் கேட்கும். உலகம் அழிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு பெட்ரோல் கோந்தாகியிருக்கும். டீசலில் அடியில் தேங்கிய நீரில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். மூடிய தொட்டியில் இருந்த விமான மண்ணெண்ணெய்தான் ஓரளவு பிழைத்திருக்கும். அதையும் அடியிலிருந்து எடுக்காமல், நடுவிலிருந்து உறிஞ்சி, ஒரு நாள் தெளியவிட்டு வடிகட்டவேண்டும்.

கடைசியில் லண்டன். கொன்ற டிராகன்கள் எல்லாம் பெண், ஒரே ஒரு ஆண்தான் இருக்கிறது, அதைக் கொன்றால் இனம் முடிந்தது என்பது திட்டம். வான் ஸான் கோடரியோடு பாய்ந்து அதன் வாய்க்குள் போகிறான். க்வின் வெடிமுனை அம்பை, திரவங்கள் சேரும் நேரம் பார்த்து வாய்க்குள் விடுகிறான். முறையில் பிழை சொல்லமுடியாது. பிரித்து வைத்ததை ஒன்றாகக் கலந்துவிடும் ஒரே இடம் அதுதான்.

பிழை அதற்கு முன்னால் இருக்கிறது. படம் வந்து நாலு வருடம் கழித்து, 2006ல், அதே இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையிலும் லண்டனிலும் கொமோடோ டிராகன் பல்லிகள் ஆண் துணையே இல்லாமல் கருத்தரித்த முட்டைகளை இட்டது தெரியவந்தது. இந்தப் பல்லிகளில் பாலினத்தைத் தீர்மானிப்பவை இசட், டபிள்யூ என்ற குரோமோசோம்கள்: ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் தனியாகத் தரும் முட்டையில் ஒரே குரோமோசோம் இரட்டிப்பாகும். இரண்டு டபிள்யூ சேர்ந்தது பிழைக்காது, இரண்டு இசட் சேர்ந்தது பிழைக்கும். பொரித்தவை எல்லாம் ஆண். அதாவது ஆணைக் கொன்றுவிட்டால் பெண்கள் ஆணைச் செய்துகொள்ளும் வழி ஊர்வன உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

படத்தின் முடிவில் க்வின் குன்றின் மேல் வானொலிக் கோபுரம் எழுப்புகிறான், பிரான்ஸிலிருந்து பதில் வருகிறது. கோபுரமே தேவையில்லை, அது பார்வைத் தொலைவுக்குத்தான் உதவும். 500 கிலோமீட்டர் தள்ளிப் பேச ஐந்து மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில், 28 மீட்டர் கம்பியைப் பத்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால் வானடுக்கில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய சந்தேகம் அவர்களுடைய நிம்மதியில். மூன்று மாதத்துக்கு மேலாக டிராகன் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். கொமோடோ முட்டை பொரிக்க ஏழெட்டு மாதம் ஆகும்.